அட்டை எண் 412

காஞ்சிபுரம்
2-8-75

எண் 412/75
ஐடியாலஜி

உதவியாளர் அவர்களுக்கு,

பெயர் போட்டு எழுதினால் உரிமை கொண்டாடியதாக ஆகிவிடும். அதனால் பதவியை மட்டும் போட்டிருக்கிறேன். வீட்டுக்குக் கார்டு எழுதக் கூடாது என்று மாப்பிள்ளை சொன்ன பிறகு வீட்டு விலாசம் என் பேனாவில் வராது. கார்டைப் போஸ்ட்மேன் படிக்கிறான், பக்கத்து வீட்டுக்காரி படிக்கிறாள் என்று அவர் பயப்படுகிறார். படிக்கட்டுமே. மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்குக் கவர் எதற்கு?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கலைச்சொல் அகராதியில் இந்த மாதம் இங்கிலீஷ் 'ஐ' வரிசை. தலைப்பில் உள்ள சொல்லுக்குத் தமிழ் தர வேண்டும். கொள்கை என்று போடலாம் என்கிறது குழு. சித்தாந்தம் என்றால் கோயிலுக்குள் போய்விடும். நான் கருத்தியல் என்று வைத்திருக்கிறேன். ஆனால் பிறப்பு தெரியாமல் பெயர் வைக்க மனம் வரவில்லை. இந்தச் சொல் சிறையில் பிறந்தது என்கிறார்கள். ஆட்சியில் இருந்த ஒருவர் பிறகு அதை வசைச்சொல்லாக்கினாராம். சிறையில் போட்டது யார், ஏன்? வைதவர் கதி கடைசியில் என்ன ஆயிற்று? டெல்லி நூலகங்களில் பார்த்து உடனே எழுதவும். இங்கே கேட்டால் பட்டுநூலைப் பற்றிப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஏகாம்பரம்


சரோஜினி நகர், புதுடெல்லி
11-8-75

அண்ணா,

இதைப் பிரிப்பதற்கு முன் கவர் ஒட்டிய இடத்தைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் இப்போதாவது பாருங்கள். இரண்டு முறை பசை தடவியிருந்தால் தெரியும். அப்படி இருந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

உங்கள் கார்டு என்ன செய்தது என்று தெரியுமா? எங்கள் ஆபீசுக்கு வரும் தபாலெல்லாம் முதலில் கீழே டயரி பிரிவுக்குப் போகும். பெயர் போட்டு வந்தால் ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். பதவி போட்டு வந்தால் அது சர்க்கார் காகிதம். நீங்கள் கோபத்தில் என் பெயரை விட்டுவிட்டீர்கள். போதாததற்கு மேலே எண் 412/75 என்று உங்கள் அகராதி அட்டைக்குப் போடுவதுபோல் போட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் சிவப்பு மையில் கொட்டை இங்கிலீஷில் எழுதிவிட்டீர்கள். டயரி பிரிவு பாட்டியா பாவம் என்ன செய்வார்? எண் இருக்கிறது, தலைப்பு இருக்கிறது, பாஷை புரியவில்லை. முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, மேலே அனுப்பிவிட்டார். ஏற்றிவிட்ட காகிதத்தை அப்புறம் யாராலும் கிழிக்க முடியாது. யாராவது அதன்மேல் ஏதாவது எழுதி முடித்தால்தான் அது சாகும்.

எங்கள் அதிகாரி பிரிவில் இருக்கிற மூன்று உதவியாளர்களையும் நிற்க வைத்து, இது யாருக்கு வந்தது என்று கேட்டார். என் அண்ணாவின் கையெழுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள்தான் போய்ச் சொன்னேன். அந்த ஒரு நாள் தாமதமும் இப்போது ஃபைலில் ஏறியிருக்கிறது.

உங்கள் ஊரில் காற்று வேறு. இங்கே ஜூன் கடைசியிலிருந்து எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்துப் பிரிவில் ஒருவர் மூன்று வாரமாக வரவில்லை. அவர் நாற்காலியில் ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கே போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அக்டோபரில் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். இந்தச் சர்க்கார் வீடு என் பெயரில் இருக்கிறது, உங்கள் மாப்பிள்ளை பெயரில் இல்லை. கோல் மார்க்கெட் கம்பெனியில் அவருக்கு வருவதை வைத்து டெல்லியில் ஒரு அறைகூடப் பிடிக்க முடியாது. என் வேலை போனால் இரண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்போம்.

கார்டை மொழிபெயர்க்கச் சொல்லி மேல்மாடி வேதாந்தம் சாருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆபீசில் என்னை விட்டால் தமிழர் அவர் ஒருவர்தான். நீங்கள் வந்தபோது நம் வீட்டில் சாப்பிட்டாரே, அவர்தான். அவரை என்னவெல்லாம் சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. சிறை, ஆட்சி, வசை, வைதவர் கதி, எல்லாம் அந்த ஒரு கார்டில். அதை அவர் அப்படியே இங்கிலீஷில் எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தயவுசெய்து ஆபீசுக்கு எழுதாதீர்கள்.

இந்திராணி


காஞ்சிபுரம்
18-8-75

இந்திராணிக்கு,

இடம் போதாது என்பதால் இரண்டு கார்டு. வீட்டுக்குத்தான் போடுகிறேன். மாப்பிள்ளை மன்னிப்பாராக.

பெயரை விட்டது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். மற்றது எதையும் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு சொல்லின் பிறப்பைக் கேட்டதற்கு விசாரணையா? அந்த வேதாந்தத்தை நன்றாக நினைவிருக்கிறது. "எந்த கவர்ன்மென்ட் வந்தாலும் ஃபைல் ஃபைல்தான்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை ரசம் கேட்டவர். முதுகெலும்பு இல்லாத பிராணி என்றேன். இன்றும் அதேதான் சொல்வேன். தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஒன்றுக்குப் பத்தாக எழுதுவார் பார்.

நீ தேடாவிட்டால் என்ன, சென்னையில் ஒரு நண்பர் தேடிக் கொடுத்துவிட்டார். இருநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிரான்சில் புரட்சி. ஒரு பிரபு, புரட்சிக்கு ஆதரவாக இருந்தவரே, சந்தேகத்தில் சிறைக்குப் போகிறார். தினமும் காலையில் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் தலை போகும். அந்த மனிதர் அங்கே உட்கார்ந்து படிக்கிறார், யோசிக்கிறார்: மனிதனுக்குக் கருத்து எங்கிருந்து வருகிறது? விசாரணைக்கு இரண்டே நாள் இருக்கும்போது அவரை உள்ளே போட்டவர்கள் ஆட்சி கவிழ்ந்தது. பிழைத்து வெளியே வந்து, இரண்டு வருஷம் கழித்து இந்தச் சொல்லை உண்டாக்கினார். கருத்துகளைப் பற்றிய அறிவியல் என்பதுதான் அப்போது பொருள். உயிரியல், வேதியியல் மாதிரி. கட்சியும் இல்லை, கொடியும் இல்லை. பிறகு நெப்போலியன் வந்தான். முதலில் இவர்களோடு குலாவினான், கேள்வி கேட்டதும் வெறுத்தான். ருஷ்யாவில் தோற்றுத் திரும்பி வந்து எல்லாக் கேட்டுக்கும் இந்தக் கருத்துக்காரர்கள்தான் காரணம் என்றான். அன்றிலிருந்து அது வசை. அடுத்தவன் நம்புவதற்கு மட்டும் அந்தப் பெயரைச் சொல்கிறோம். நாம் நம்புவது நமக்கு உண்மையாகத் தெரிகிறது.

இதில் எந்த வரி சர்க்காருக்கு விரோதம்? உன் அதிகாரிக்கு நானே இங்கிலீஷில் எழுதுகிறேன். என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்று வரி வரியாக. ஒளிந்தால்தான் சந்தேகம் வரும்.

ஏகாம்பரம்


சரோஜினி நகர்
23-8-75

அண்ணா,

இன்று காலை கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். காரணத்தைத் தந்தியில் சொல்ல முடியாது.

வேதாந்தம் சார் கார்டை எட்டு நாள் மேஜை அறையில் வைத்திருந்தார். கேட்டபோதெல்லாம் 'மொழிபெயர்ப்பு நடைபெறுகிறது' என்று எழுதி அனுப்பினார். அவர்களாக மறந்துவிடுவார்கள் என்று பார்த்திருக்கிறார். மறக்கவில்லை. வியாழக்கிழமை என்னை மாடிப்படியில் நிறுத்தி, "அம்மா, நீ ஒண்ணும் பேசாதே. நான் எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். என்ன எழுதினீர்கள் என்றேன். மெதுவாகச் சொன்னார்.

கார்டு எழுதியவரின் மகன் கல்லூரிப் பரீட்சை எழுதுகிறான். 412 அவன் பரீட்சை எண். சிவப்பு மையில் இருப்பது பாடப்புத்தகத்தின் தலைப்பு. பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் வாங்கி அனுப்பு என்று தங்கையைக் கேட்டிருக்கிறார். மற்றதெல்லாம் நலம் விசாரிப்பு.

அவ்வளவுதான், அண்ணா. கீழே மொழிபெயர்ப்பு சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். முப்பத்தாறு வருஷ சர்வீசில் ஒரு நாள் தாமதமாக வந்தவர் இல்லை. ஃபைலில் பொய் எழுதி அவர் கை பழகியதில்லை. ஐம்பத்தைந்து வயதானவர்களைக் கழித்துக்கட்டப் பட்டியல் தயாராகிறது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. அவருக்குப் போன மாதம் ஐம்பத்தைந்து முடிந்தது.

நேற்று அதிகாரி மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, "அச்சா, புக் கா மாம்லா ஹை", புத்தக விவகாரம்தானா என்று தள்ளி வைத்தாராம். திங்கட்கிழமை ஃபைலை மூடிவிடுவார். நீங்கள் ஒரு வரி எழுதினாலும் எல்லாம் போச்சு. உங்களுக்கு மகனும் இல்லை, கல்யாணமும் இல்லை. அது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, சொல்ல எனக்கு நெஞ்சு வரவில்லை.

எழுதாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

இந்திராணி


காஞ்சிபுரம்
26-8-75

இந்திராணி,

தந்தி ஞாயிறு சாயங்காலம் வந்தது. நான் பத்தொன்பதாம் தேதியே ரிஜிஸ்தர் செய்து அனுப்பிவிட்டேன்.

நேற்று காலை தபால் ஆபீஸ் திறக்கும்முன் போய் நின்றேன். போட்ட கடிதத்தைத் திரும்ப வாங்க வழி உண்டாம், ஊரை விட்டுப் போகாதவரை. போஸ்ட்மாஸ்டர் ரசீதைப் பார்த்து, "சார், இது டெல்லி போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார். எந்த ரயிலில் போயிருக்கும், எங்கே இருக்கும் என்று குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் கடிதம் இன்று வந்தது. படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய் இரண்டு வகுப்பு எடுத்தேன். என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன், இந்திராணி. சிறையில் பிறந்தது, ஆட்சியாளர் வைதது, எல்லாம் எழுதி, நான் கேட்டது இதுதான், இதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று முடித்திருக்கிறேன். என்னைப் பற்றி, குடும்பம் இல்லாத தனி ஆள், பள்ளிக்கூடம் விட்டால் அகராதி ஒன்றே என் வேலை என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வரியை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

டயரி பிரிவில் அந்த பாட்டியாவிடம் சொல்லிப் பார். ரிஜிஸ்தர் தபாலைக் காணாமல் ஆக்க முடியாதுதான், தெரியும். வேறு எதுவும் தோன்றவில்லை.

அண்ணன்


சரோஜினி நகர்
30-8-75

அண்ணா,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. ஃபைல் மூடப்பட இருந்த அதே நாள். பாட்டியா என்னைப் பார்த்தபடியே முத்திரை குத்தினார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பெயரும் இதில் சேரும்.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி அறை மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவேன். டைப் அடித்த கடிதத்தில் ஒரே வரியை இரண்டு முறை அடித்திருக்கிறேன். நேற்று கூப்பிட்டார். உங்கள் நாலு பக்கமும் மேஜையில் இருந்தது, பென்சிலால் கோடு போட்டு. சரித்திரம் படித்தவராம். "திஸ் இஸ் ஃப்ரெஞ்ச் ஹிஸ்டரி. உங்கள் அண்ணா நல்ல ஆசிரியராக இருக்க வேண்டும்" என்றார். இனிமேல் சொந்தக் கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கு வரக் கூடாது என்று எச்சரித்தார். மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதி என் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

நான் தப்பித்தேன், அண்ணா. எழுந்து வரும்போது கால் தரையில் படவில்லை. வாசலில் வேதாந்தம் சார் நின்றிருந்தார். அடுத்து அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இந்திராணி


காஞ்சிபுரம்
5-9-75

இந்திராணி,

பார்த்தாயா? உண்மையைச் சொன்னதால் என்ன கெட்டுப்போயிற்று? ஒரு படித்த அதிகாரி நாலு பக்கத்தைப் பொறுமையாகப் படித்தான், புரிந்துகொண்டான், முடித்தான். பொய்தான் நமக்கு ஆபத்தாக இருந்தது. வேதாந்தத்தின் நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படியே மொழிபெயர்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். பயந்தவர்கள் நல்லது செய்யப்போனால் இப்படித்தான்.

அவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு எச்சரிக்கையோடு விடுவார்கள். மாப்பிள்ளையிடம் சொல், கார்டு பயமில்லை என்று.

ஏகாம்பரம்


சரோஜினி நகர்
20-10-75

அண்ணா,

ஆறு வாரமாக எழுதவில்லை. உங்கள் செப்டம்பர் கார்டைப் படித்துவிட்டு எழுதியிருந்தால் அண்ணன் என்றும் பார்க்காமல் ஏதாவது எழுதியிருப்பேன்.

வேதாந்தம் சாரைக் கூப்பிட்ட அன்று உள்ளே என்ன நடந்தது என்று இப்போதுதான் முழுதும் தெரிந்தது. அதிகாரி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒன்றில் பரீட்சை எழுதும் மகன், இன்னொன்றில் குடும்பமே இல்லாத ஆள். யாருக்காகப் பொய் எழுதினீர், இந்திராணி சொன்னாரா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி பாதி என்மேல் வந்திருக்கும். பொய் என்று ஒப்புக்கொண்டாலும் என்னைத்தான் தொட்டிருக்கும். வேதாந்தம் சார் வேறு ஒன்று சொன்னார். "நான் பத்தொன்பது வயசுல டெல்லி வந்தவன் சார். எனக்குத் தமிழ் சரியா வாசிக்க வராது. சொல்ல வெக்கமா இருந்தது. குத்துமதிப்பா எழுதிட்டேன்" என்றாராம். அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார்.

அவருக்குத் தமிழ் வராதாம், அண்ணா. லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் நம் குழந்தைகளை உட்கார வைத்து ழகரம் சொல்லிக் கொடுக்கிறவர். போன வருஷம் அந்தப் பள்ளி ஆண்டுமலரில் என் கட்டுரையில் இருபத்தேழு பிழை திருத்தினவர்.

கொடுத்த வேலைக்குத் தகுதியில்லாதவர் என்று பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். பதினைந்தாம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிவு உபசாரம் இல்லை, மாலை இல்லை. தண்ணீர்க் கூஜாவைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார். அதற்கு மறுநாள் என் நிரந்தர உத்தரவு வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கார்டில் ஒரு பொய்யும் இல்லை. உங்கள் நாலு பக்கத்திலும் இல்லை. உங்கள்மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது.

இந்திராணி


காஞ்சிபுரம்
9-2-76

அன்புள்ள இந்திராணி,

இது கவரில் வருகிறது, கவனித்திருப்பாய். வாங்கப் போனபோது போஸ்ட்மாஸ்டர், "சார், உங்களுக்கா?" என்று கேட்டார். பத்து வாங்கி வந்தேன். இதுவரை ஒன்பதைக் கிழித்துவிட்டேன். அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தால் நான்காவது வரியில் என் கட்சியை எடுத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். என்னால் நிறுத்த முடியவில்லை.

போன மாதக் கடைசியில் இங்கே மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். உன் ஊர்க் காற்று வந்துவிட்டது. குழுவில் ஒருவர் இரண்டு வாரமாக வரவில்லை. எங்கே என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன்.

'ஐ' வரிசை அச்சுப் படிகள் இத்துடன். முப்பத்திரண்டு பக்கம். பிழை திருத்த நல்ல தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். அவர் செய்வாரா என்று கேள். கடைசிப் பக்கத்தில் 'திருத்தியவர்' என்று போட்டு இடம் விட்டிருக்கிறேன். புத்தகத்தில் அவர் பெயர் வர வேண்டும், என் பெயருக்கு மேலே. இது எனக்குச் சமாதானம் தேடுகிற வேலைதான். அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்.

உன் அண்ணன்


சரோஜினி நகர்
7-3-76

அன்புள்ள அண்ணாவுக்கு,

படிகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி காபி கொடுத்தார். வேதாந்தம் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே படிக்க ஆரம்பித்தார். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன், சமாதானம் தேடுகிற வேலை என்பதையும். "தேடட்டும், தேடட்டும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து நேற்று வாங்கி வந்தேன். முப்பத்திரண்டு பக்கமும் சிவப்பாக இருக்கிறது. நீங்கள் ஒற்றுப் போடுவதில் இவ்வளவு மோசம் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் கருத்தியல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு திருத்தமும் இல்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. என்ன சார் என்று கேட்டேன்.

"பேர் நன்னாத்தான் வெச்சிருக்கார். அதையே வெச்சுக்கட்டும். சிறைன்னு எழுதியிருக்கார், நெப்போலியன்னு எழுதியிருக்கார். அந்த மனுஷன் எப்படிப் பொழைச்சான்னு எழுதலையே. நாலு பக்க லெட்டர்ல எழுதியிருந்தாராமே, விசாரணைக்கு ரெண்டு நாள் இருக்கறச்சே ஆட்சி போயிடுத்துன்னு, அதிகாரி சொன்னார். கருத்தால பொழைக்கலை, அம்மா. நாள் தள்ளிப்போச்சு, அதனால பொழைச்சான். எவனாவது ஒரு குமாஸ்தா அந்தக் காகிதத்தை அடியில வெச்சிருப்பான். அவன் பேர் யாருக்கும் தெரியாது. அந்த ரெண்டு நாளையாவது சேர்க்கச் சொல்லு."

எட்டு நாள் தன் மேஜை அறையில் கிடந்த உங்கள் கார்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் கண்ணீர் வந்துவிட்டது. மாமி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் விட்ட இடத்தில் அவர் பெயர் எழுதவில்லை. 'திருத்தியவர்' என்பதையும் சேர்த்து நேராக ஒரு கோடு அடித்திருக்கிறார். ஏன் சார், போடுங்கள் என்று கெஞ்சினேன். "தமிழ் வாசிக்கத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேனே, அம்மா. அந்தக் காகிதம் இன்னும் ஃபைல்ல இருக்கு. என் பேர் அச்சுல வந்தா, நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். அப்புறம் எதுக்குச் சொன்னேன்னு தேடுவா. உன்கிட்டதான் வருவா" என்றார்.

படிகளை ரிஜிஸ்தரில் அனுப்பியிருக்கிறேன். அந்த இரண்டு நாளைச் சேர்த்துவிடுங்கள்.

இந்திராணி